கல்லூரியா, கைத்தொழிலா? தாய்மைக் காலத்தில் ஒரு தெரிவு

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியின் பெருமையைப் பேச இம்மேடையில் அறிஞர் பலர் உளர். நமக்கு ஒதுக்கப்பட்டதோ சிறிய பொருள். ஆயினும் அது நம் வீடுகளுக்குள்ளே நாள்தோறும் எழுவது. கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி கருவுறுகிறாள். அல்லது பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அடுத்து என்ன படிப்பதென எண்ணியிருக்கும் வேளையில், திருமணமும் உடனே தாய்மையும் வந்துவிடுகின்றன. அவள் கணவனும் இருபத்திரண்டு வயதுடையவன். அவன் படிப்பும் முடியவில்லை. இந்நிலையில் கல்லூரியில் தொடர்வதா, கைத்தொழில் ஒன்றைக் கற்றுப் பிழைப்புக்கு வழி தேடுவதா? இதுவே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

தொடங்கும் முன் ஒரு சொல். நாம் பேசுவது பதினெட்டு வயது நிறைந்தவர்களைப் பற்றி. அவ்வயது நிறையாத பெண்ணை மணமேடையில் அமர்த்துவதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுப்பதற்கு முன்னரே நம் கழகம் அதனைத் தடுக்க வேண்டும்.

நம் வீடுகளில் இக்கேள்விக்குப் பெரும்பாலும் விடையே தேடப்படுவதில்லை. "மாசமா இருக்கிற பொண்ணுக்குக் காலேஜ் எதுக்கு? புள்ள பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஆயா சொல்வார். சொல்பவர் உள்ளத்தில் அன்பே இருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த "அப்புறம்" என்னும் சொல்லுக்குள் எத்தனை பெண்களின் படிப்பு புதைந்து கிடக்கிறது என்பதை நம் தெருக்களை ஒருமுறை சுற்றி வந்தால் அறியலாம். ஆண்மகனுக்குச் சொல்லப்படும் வாசகம் வேறு: "அப்பனாகப் போற, இனிமே என்னடா படிப்பு?" அவனும் மறுநாளே ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குச் சென்றுவிடுகிறான். ஒரு குழந்தை பிறக்குமுன் இருவர் கல்வி முடிந்துபோகிறது.

தோழர்களே, இந்தச் சிக்கல் நம்மோடு தொடங்கியதன்று. அண்ணல் அம்பேத்கர் வாழ்விலேயே இது எழுந்தது. அவர் மூத்த மகன் யஷ்வந்த் பிறந்தது 1912 டிசம்பரில். அடுத்த மாதம் அண்ணல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். 1913 பிப்ரவரியில் தந்தையார் இராம்ஜி மறைந்தார். வீட்டிலோ கைக்குழந்தை. பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகையால் அமெரிக்கா சென்று படிக்கும் வாய்ப்பு அப்போதுதான் வந்தது. "குடும்பம் வந்துவிட்டது, இனி வருவாயே முதன்மை" என்று அவர் எண்ணியிருந்தால், யாரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் சென்றார். 1913 ஜூலையில் நியூயார்க்கில் கால் வைத்தார், 1917இல்தான் திரும்பினார், மீண்டும் 1920இல் இலண்டன் சென்று 1923இல் மீண்டார்.

இவ்வரலாற்றை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேளாத பாதியொன்று உண்டு. அவர் நியூயார்க்கில் நூலகத்தில் அமர்ந்திருந்த ஆண்டுகளில், பம்பாய்ப் பரேலின் குடியிருப்பில் அந்தக் குழந்தையை வளர்த்தவர் யார்? அன்னை இரமாபாய். வறுமையைத் தாங்கியவரும் அவரே. பெற்ற ஐந்து பிள்ளைகளுள் யஷ்வந்த் ஒருவரே வளர்ந்து ஆளானார். ஏனையோரைக் குழந்தைப் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தார். 1935 மே மாதம் அவரும் மறைந்தார். பாகிஸ்தான் பற்றிய தம் நூலை அண்ணல் அவருக்கே உரிமையாக்கினார்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது என்ன? ஒருவர் படிக்கும்போது இன்னொருவர் தாங்கியாக வேண்டும் என்பதே. அன்று கணவர் படித்தார், மனைவி தாங்கினார். இன்று மனைவி படிக்கும்போது தாங்குவது யார்? கணவனா, மாமியாரா, நாத்தனாரா, அல்லது நாமெல்லாம் சேர்ந்த இந்தக் கழகமா? "கல்லூரியா, கைத்தொழிலா" என்னும் கேள்விக்கு அடியில் மறைந்து கிடக்கும் உண்மையான கேள்வி இதுவே.

அண்ணல் இதனை வீட்டுக் கேள்வியாக மட்டும் விட்டுவிடவில்லை. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேற்று நல மசோதா வந்தபோது, அவர் அதனை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தருவது நாட்டு நலனுக்கே உரியது. ஆதலின் அதன் சுமையில் அரசுக்குப் பெரும்பங்கு உண்டு, அவள் உழைப்பால் பயன்பெறும் முதலாளிக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம். 1929இல் பம்பாயில் சட்டம் வந்தது. 1934இல் சென்னை மாகாணமும் தன் சட்டத்தை இயற்றியது. தாய்மை என்பது ஒரு பெண்ணின் தனிச் சுமையன்று என்று சட்ட மன்றத்தில் நிலைநாட்டியவர்களுள் ஒருவர் நம் தலைவர். அவர் படத்துக்கு மாலையிடும் நாம், நம் வீட்டில் அதனை அவள் தலைமேல் மட்டும் ஏற்றலாமோ?

இனி நம் ஊரைப் பார்ப்போம். 1856இல் தென்னகத்தின் முதல் இரயில் புறப்பட்ட இராயபுரம் இது. நம் பாட்டன்மார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தனர். பக்கத்துப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் நூல் நூற்றனர். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தீப்பெட்டி, இரப்பர், மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. "ஆலை வேலை கிடைத்தால் மூன்று தலைமுறைக்குக் கவலையில்லை" என்று நம் மூத்தோர் நம்பினர்.

நடந்தது என்ன? 1983இல் துறைமுகத்தில் பெட்டகமுனையம் வந்தது. நூறு தோள்கள் சுமந்த சரக்கை ஒரு பாரந்தூக்கி எடுத்து வைக்கலாயிற்று. 1996இல் பெரம்பூர் ஆலைகளின் கதவு மூடப்பட்டது. 2017இல் எண்ணூர் அனல்மின் நிலையமும் நின்றது. கையில் தொழில் மட்டும் இருந்து, அதனை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் சான்றிதழோ மேற்படிப்போ இல்லாதவர்கள் தெருவில் நின்றனர். அதே காலத்தில் பட்டம் மட்டும் பெற்று, கையில் திறமை ஏதுமின்றி வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வயது கழிந்தவர்களையும் நாம் கண்டோம். ஆகவே பட்டம் உயர்வு, தொழில் தாழ்வு என்றோ, தொழில்தான் சோறு போடும், பட்டம் வெறுந்தாள் என்றோ கூறுவது இரண்டுமே பிழை. எந்த வழியில் சென்றாலும் அடுத்த படிக்கு ஏற இடம் இருக்கிறதா என்பதே உரைகல்.

அன்புப் பெண்மக்களே, இப்போது கணக்குப் போடுவோம். கல்லூரிப் பட்டத்துக்கு மூன்றாண்டு, அதாவது 36 மாதம். இதில் தாய்மை உண்மையிலேயே நம் கையைக் கட்டிப்போடும் காலம் எவ்வளவு? பேற்றுக்கு முன் இரண்டு மாதம். பேற்றுக்குப் பின், குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவாக இருக்கும் ஆறு மாதம். மொத்தம் எட்டு மாதம். உடல்நலம் இடம் தரும் பெண்ணுக்குக் கணக்கு இவ்வளவே. எட்டு மாதத்துக்காக 36 மாதப் படிப்பையும், அதன்பின் வரும் நாற்பதாண்டு உழைப்பின் மதிப்பையும் விட்டுக்கொடுப்பது எவ்வகையிலும் பொருந்தாத வாணிகம்.

எடுத்துக்காட்டாக, பேறு பிப்ரவரியில் என்று கொள்வோம். நவம்பர்த் தேர்வை அவள் எழுதிவிடலாம். அடுத்த பருவம் போகும். அப்பருவம் மறு ஆண்டு டிசம்பரில் மீண்டும் தொடங்கும்போது குழந்தைக்குப் பத்து மாதம். அவளுக்கு இழப்பு ஓராண்டு. ஆனால் அவள் எழுதிக் கொடுக்காமல் நின்றுவிட்டால், வருகைக் குறைவால் பெயர் நீங்கும். மாற்றுச் சான்றிதழையும் வாங்கி வந்துவிட்டால் திரும்பும் கதவும் சாத்தப்படும். ஆதலின் நம் அறிவுரை இது. நின்றுவிடாதீர்கள், இடைவெளி கேளுங்கள். மருத்துவச் சான்றுடன் கல்லூரி முதல்வருக்கு விண்ணப்பம் எழுதி, அதன் படியில் ஒப்பம் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழை வாங்காதீர்கள். கல்வி உதவித்தொகை இடைவெளிக்குப்பின் எவ்வாறு தொடரும் என்பதையும் அப்போதே அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று சிலர் தயங்கக்கூடும். இருக்கிறது. பட்ட வகுப்பிலும் மேற்பட்ட வகுப்பிலும் பயிலும் பெண்களுக்கு மகப்பேற்று விடுப்பும் வருகைத் தளர்வும் தர விதிகள் வகுக்குமாறு பல்கலைக்கழக மானியக்குழு 2021 டிசம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. கேரளத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் மாணவியருக்கு 60 நாள் விடுப்பு அளிக்க முடிவு செய்தது. ஆசிரியப் பயிற்சியில் மேற்பட்டம் பயின்ற ஒரு பெண்ணின் வழக்கில் 2023 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம், கல்வியா தாய்மையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் செய்தல் ஆகாது என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்தது. கல்லூரி அலுவலகத்தில் "அப்படி விதியில்லை" என்று யாரேனும் சொன்னால், இவற்றை எடுத்துக்காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள்.

பொருளுதவிக்கும் வழிகள் உண்டு. நம் மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944இல் தொடங்கப்பெற்றது. அது நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமை, யாரும் இட்ட பிச்சையன்று. ஏழைப் பெண்களின் திருமணத்துக்காக 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022இல் பெண்களின் உயர்கல்விக்கான திட்டமாக மாற்றப்பட்டது. புதுமைப்பெண் என்னும் அத்திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது எங்கே தெரியுமா? நம் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்ற பெண்ணுக்குப் பட்டம், பட்டயம், தொழிற்பயிற்சி மூன்றுக்கும் மாதம் 1,000 ரூபாய் என அது வகுத்தது. தாலிக்கென ஒதுக்கிய பணம் ஏட்டுக்கு வந்திருக்கிறது. நாமும் அவ்வாறே நம் வீட்டுச் சேமிப்பைத் திருப்ப வேண்டாவா?

அடுத்துக் கைத்தொழில். இங்கே ஒரு வேறுபாட்டை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். கல்லூரிப் பாடத்தைக் கருவுற்ற காலத்தில் வீட்டில் அமர்ந்தும் ஓரளவு படிக்கலாம். தொழிற்பயிற்சியோ பட்டறையில் நின்று கையால் கற்பது. பற்றவைப்புப் புகையும், பளுத் தூக்குதலும், நாள்முழுதும் நிற்றலும் கருவுற்ற பெண்ணுக்கு ஏற்றவை அல்ல. ஆகவே இன்னும் எதிலும் சேராத பெண், குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்தபின் வரும் சேர்க்கையில் தொழிற்பயிற்சியில் சேர்வது நலம். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு வைக்கப்படவில்லை. ஓராண்டு தாழ்ந்தால் இடம் போய்விடும் என்ற அச்சம் வேண்டா. ஏற்கெனவே கல்லூரியில் இருப்பவள் அதனை விட்டுவிட்டுத் தொழிலுக்கு ஓடுவதும் வேண்டா.

தொழில் என்றதும் பெண்ணுக்குத் தையல் என்று முடிவு கட்டிவிடுகிறோம். தையல் நல்ல தொழிலே. ஆனால் எலக்ட்ரீசியன், எலக்ட்ரானிக்ஸ், வரைபடம், கணிப்பொறி இயக்கம் முதலியனவும் பெண்களுக்குத் திறந்தே இருக்கின்றன. எது கூலி கூடுதலாகத் தரும், எதற்கு நம் தொழிற்பேட்டையில் தேவை உண்டு, எதில் மேற்படிப்புக்கு வழி உண்டு என்று ஆராய்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தொழிற்பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். வேலை செய்துகொண்டே பட்டம் பெற, 1985இல் தோன்றிய இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. தொழில் வழியாகவும் கல்லூரி வாயிலை அடையலாம். நடுவில் உள்ள படிகளை அறியாததால்தான் இரண்டையும் இரு வேறு சாலைகள் என்று நினைக்கிறோம்.

தந்தையாகப் போகும் இளைஞர்களே, உங்களிடம் தனியே சில சொற்கள். படிப்பை விட்டுக் கூலிக்குச் செல்வதையே பொறுப்பு என்று கருதிவிடாதீர்கள். வேலைக்குச் சென்றே ஆகவேண்டுமெனில், முதல் நாளே ஒப்பந்தக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: "ஈ.எஸ்.ஐ. எண் எப்போது தருவீர்கள்?" 2019 முதல் அதில் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய். பத்தாயிரம் ரூபாய் கூலியில் உங்கள் கையிலிருந்து போவது 75 ரூபாய். அதற்கு ஈடாக உங்கள் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மருத்துவம் கிடைக்கும். "பிடித்தம் இல்லாமல் முழுக்கூலி தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் குழந்தையின் மருத்துவத்தைத் தம் பையில் போட்டுக்கொள்கிறார் என்றே பொருள்.

வேலைக்குச் செல்லும் பெண்களும் தம் உரிமையை அறிதல் வேண்டும். 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் 12 வாரம் சம்பளத்துடன் விடுப்பு அளித்தது. 2017இல் முதல் இரண்டு பேறுகளுக்கு அது 26 வாரமாக உயர்ந்தது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த அளவையே கொண்டுள்ளது. பேற்றுக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். விடுப்பிலிருக்கும்போது வேலையை விட்டு நீக்குதல் சட்டத்துக்கு மாறானது. ஆனால் பயிலுநராக, அதாவது அப்ரண்டிசாகச் சேர்ந்தவர் சட்டத்தின் பார்வையில் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர். ஆகவே அந்நிலையில் சேரும் பெண், விடுப்புக்கு வழி என்ன என்பதை ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதியில் இராயபுரம் இராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை தலைமுறை தலைமுறையாக நம்மவர் பிறந்த இடம். கருவுற்றது தெரிந்தவுடன் அரசு சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் தேவை. 2018இல் அந்த உதவி, ரொக்கமும் ஊட்டச்சத்துப் பொருளும் சேர்த்து 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரத்தச்சோகையோடு பேருந்தில் நின்றுகொண்டு கல்லூரி செல்லும் பெண்ணுக்கு எந்த அறிவுரையும் உதவாது. முதலில் அவள் தட்டில் கீரையும் முட்டையும் மீனும் விழட்டும். படிப்பவள் அவள், ஆகவே வீட்டில் முதலில் உண்ண வேண்டியவளும் அவளே.

பெருமக்களே, இதுவரை கூறியவை தனி வீடுகளுக்கு. வெள்ளி விழாக் காணும் கழகத்துக்கு மூன்று வேண்டுகோள்கள் உள்ளன.

முதலாவது, நம் மாலை வகுப்பு நடக்கும் கட்டடத்தில் ஓர் அறையில் தொட்டில் கட்டப்பட வேண்டும். பிள்ளையைத் தூக்கி வரும் தாய் வாசலில் நின்று திரும்பக் கூடாது. நம் மூத்த தாய்மார் இருவர் முறை வைத்து அங்கே அமர்ந்தால் போதும். அதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

இரண்டாவது, கல்லூரிக்கும் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் விண்ணப்பத்துடன் செல்லும் பெண்ணுடன் கழக உறுப்பினர் ஒருவர் துணையாகச் செல்ல வேண்டும். தனியே செல்பவளிடம் "நாளைக்கு வா" என்பார்கள். துணையுடன் செல்பவளிடம் அவ்வாறு சொல்லத் தயங்குவார்கள்.

மூன்றாவது, கழகத்தின் பதிவேட்டில், இடைவெளி எடுத்த மாணவியின் பெயரை அடிக்காமல், அவள் திரும்ப வேண்டிய மாதத்தை எதிரே எழுதி வைக்க வேண்டும். அம்மாதம் வரும்போது ஒருவர் அவள் வீட்டுக்குச் சென்று, "அம்மா, வகுப்பு தொடங்குகிறது" என்று அழைத்தல் வேண்டும். "அப்புறம்" என்று ஆயா சொன்ன அந்தச் சொல்லுக்கு நாள் குறிப்பது நம் கடமை.

மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மருமகள் புத்தகத்துடன் வெளியே செல்லும் அந்த ஐந்து மணி நேரம், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படிக்க முடியாமற்போனதற்கு உங்களைத் தாங்க அன்று யாரும் இல்லாமையே காரணம். இன்று அவளைத் தாங்க நீங்கள் இருக்கிறீர்கள். தாய் படித்த வீட்டில் பிள்ளை படிப்பதற்குத் தனியே பிரசாரம் வேண்டுவதில்லை.

முடிவாக, கல்லூரியில் இருப்பவள் இடைவெளி கேட்டுத் தொடரட்டும். தொழில் விரும்புபவள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபின், ஏறத்தக்க படியுள்ள தொழிலில் சேரட்டும். கணவன் தன் பங்குக்குப் பிள்ளையையும் பிடித்தத்தையும் பொறுப்பேற்கட்டும். இம்மூன்றும் நிகழ எட்டு மாதமோ ஓராண்டோ கழகம் தோள் கொடுக்கட்டும். கற்பி, போராடு, ஒன்றுசேர் என்று அண்ணல் நமக்குச் சொன்ன வரிசையில் "ஒன்றுசேர்" என்பதற்கு, ஒரு வீட்டுத் தொட்டிலை நாலு வீட்டார் ஆட்டுவது என்றும் ஒரு பொருள் உண்டு. அப்பொருளை நாம் செயலில் காட்டுவோம்.



ஜெய் பீம்!